மைனி டயர் வாங்கப் போன நாள்

ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மைனி வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் அண்ணன் கட்டிய வீடு அது. அண்ணியை எங்கள் பக்கம் மைனி என்போம். கார் ஷெட்டின் தகரக் கூரையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்த மைனி, டயரின் பக்கவாட்டில் அப்பியிருந்த செம்மண்ணைத் தேய்ப்பார், ஒரு கப் தண்ணீர் ஊற்றுவார், முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். அருகே சக்கர நாற்காலியில் அண்ணன். “வண்டி கொஞ்சம் சறுக்கிட்டு மக்கா, யாருக்கும் ஒண்ணும் இல்ல, பதறாம வா” என்று மைனி போனில் சொன்னதைக் கேட்டு, நாகர்கோவிலில் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நான் பதறித்தான் வந்திருந்தேன். அண்ணனின் நெற்றியில் ஒரு நெல்லிக்காய் அளவு வீக்கம் இருந்தது. அதைத் தவிர, சொன்னபடியே யாருக்கும் ஒன்றுமில்லை.

அண்ணன் என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். வளைகுடாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஸ்டோரில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தார். ஆணியிலிருந்து லாரி டயர் வரைக்கும் தன் கையெழுத்தில்லாமல் ஒன்றும் வெளியே போகாது என்று விடுமுறையில் வரும்போதெல்லாம் சொல்லுவார். ஊரில் யார் வீடு கட்டினாலும், யார் பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்தாலும், அவர் வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று காத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். என் கல்யாணப் பத்திரிகையின் வாசகத்தைக்கூட அவருக்குப் போனில் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன். அப்படி ஒரு விடுமுறையில்தான் அந்தப் பெரிய கறுப்பு வண்டியை வாங்கினார். ஏழு பேர் காலை நீட்டி உட்காரலாம். ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி உண்டு. வாங்கிய வாரமே கம்பெனி போட்டிருந்த டயர்களைக் கழற்றிவிட்டு, வெளியே ஒரு விரல்கடை பிதுங்கித் தெரிகிற அகல டயர்களை மாட்டிக்கொண்டு வந்தார். “வண்டி நிக்கும்பம் ஒரு எடுப்பு வேண்டாமாலே?” என்றார். அந்த எடுப்பை ஊர் ஒரு மாதம்தான் பார்த்தது. விடுமுறை முடிந்து அவர் போனபின் வண்டி தார்ப்பாய்க்குள் போய்விட்டது. அடுத்தடுத்த விடுமுறைகளில் கோயிலுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சில தடவை ஓடியதோடு சரி.

பிறகு ஒரு காலையில் ஸ்டோரின் வாசலிலேயே மயங்கி விழுந்தார். பக்கவாதம். இரண்டு மாதம் அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்து, படுக்கையோடு விமானத்தில் வந்து இறங்கியபோது வலது கையும் வலது காலும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பேச்சும் போயிருந்தது. முழுக்கப் போகவில்லை, ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. அதாக்கும். எங்கள் பக்கத்துக்காரர்கள் வாயில் பேச்சுக்குப் பேச்சு வருகிற சொல். அதுதான், அதேதான் என்று பொருள். ஆனால் அண்ணனுக்கு உலகத்தில் இருந்த அத்தனை சொற்களுக்கும் அந்த ஒன்றுதான். பசித்தாலும் அதாக்கும், வலித்தாலும் அதாக்கும், குளிக்க வேண்டாம் என்பதற்கும் அதாக்கும். மண்டைக்குள் எல்லாம் இருக்கிறது, வாசல்தான் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, எனக்கே தெரியாமல், அண்ணனிடம் பேசுவதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றிப் பேசப் பழகிவிட்டேன். அறைக்குள் போனால், “இன்னைக்கு எப்படி இருக்காவ?” என்று அவர் தலைக்கு மேலாக மைனியிடம் கேட்பேன்.

மைனி குளச்சல்காரி. அவருடைய அப்பா மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவர். கல்யாணமாகி வந்தபோது சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர், நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தார். அண்ணனுக்கு வாரம் இரண்டு நாள் திருவனந்தபுரத்தில் உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் வேண்டியிருந்தது. வாடகை வண்டிக்காரர்கள் சக்கர நாற்காலியைக் கண்டதும் முகம் சுளிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சின்ன வண்டியில் பழகியவர் இதற்கு மாறியபோது ஸ்டியரிங்குக்கு மேல் பார்வை எட்டவில்லை. சீட்டில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டார். பைய ஓட்டினார், ஆனால் நன்றாக ஓட்டினார். ஒன்றரை வருடம் ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றைக்கு மார்த்தாண்டம் போகிற வழியில் ஒரு இறக்கத்தில், முன்னால் போன பஸ் நின்றதும் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நிற்கவில்லை. ஈரத் தாரில் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, ரோட்டை விட்டிறங்கி, ஒரு ரப்பர் மரத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறது. அண்ணன் இருந்த பக்கம்தான் அந்த மரம்.

“டயர்ல பட்டன் எல்லாம் அப்படியே இருக்கே மைனி, புதுசு மாதிரி. மழைன்னா யாருக்கும் சறுக்கும்” என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மைனி என் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்தார். “நகத்தால அமுக்கிப் பாரு. இறங்குதா? பட்டன் இருந்து என்னத்துக்கு, ரப்பரு செத்துப் போச்சு.” பட்டன்களின் இடுக்கில் தலைமயிர் போல ஓடிய வெடிப்புகளைக் காட்டினார். பிறகு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்திருந்த இடத்தைத் தொட்டார். ஒரு சின்ன முட்டை வட்டத்துக்குள் நான்கு எண்கள் புடைத்துத் தெரிந்தன. முதல் இரண்டும் எந்த வாரம், பின்னிரண்டும் எந்த வருடம், அந்த டயர் பிறந்தது அப்போது. கணக்குப் பார்த்தால் ஏழு வயது ஆகியிருந்தது. “இதெல்லாம் உங்களுக்கு எப்படி மைனி தெரியும்?” என்றேன். ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற நேரத்துக்குப் போனில் எவ்வளவோ வருகிறது என்றார். “மீன் வாங்கும்பம் செவுளப் பாக்க மாட்டமா? இதுக்கு இதாக்கும் செவுளு. இத களஞ்சிட்டு வேற போடணும்.”

அப்போதுதான் அண்ணன் சத்தம் போட்டார். “அதாக்கும்! அதாக்கும்!” இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் படீர் படீரென்று அடித்தார். முகம் சிவந்துவிட்டது. ஆசையாகத் தேடிப் போட்ட டயர் அல்லவா, மாற்றுவது பிடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. மைனியிடம் திரும்பி, சொல்லாமல் செய்துவிடலாம், சனிக்கிழமை நான் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிடுகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அண்ணனுக்கு இப்ப என்ன தெரியப்போவுது மைனி” என்றும் சொன்னேன். இரண்டு முழம் தள்ளி அவர் உட்கார்ந்திருந்தார். கைப்பிடியை அடிப்பது நின்றது. மைனி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இப்போது நினைக்கிறேன். “அவியளுக்க வண்டியாக்கும் மக்கா. அவியளும் வருவாவ” என்று மட்டும் சொல்லிவிட்டு, கப்பையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை மூன்று பேரும் நாகர்கோவிலில் ஒரு பெரிய டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர். சக்கர நாற்காலி ஏற ஒரு பலகையை அவரே இழுத்துப் போட்டார். ஆனால் பேச்செல்லாம் என்னிடம்தான். “சார், பழைய அகலமே போடுவோம். இந்த வண்டிக்கு அதான் கெத்து. இல்லன்னா காட்டு ரோட்டுக்கும் ஓடுத மாதிரி முரட்டுப் பட்டன் ஒண்ணு வந்திருக்கு, பாக்கேளா?” நான் மைனியைப் பார்த்தேன். மைனி கைப்பையிலிருந்து ஒரு நோட்டுத்தாளை எடுத்து விரித்தார். டிரைவர் கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்து எழுதி வந்திருந்தார்: கம்பெனி போட்ட அளவு எது, எவ்வளவு பாரம் தாங்கும் எண் வேண்டும், காற்று எவ்வளவு. “எங்களுக்குக் காட்டுக்கும் மலைக்கும் போவாண்டாம் அண்ணாச்சி. திருவனந்தபுரம் போணும், வரணும். மழையில பிரேக் சவுட்டினா நிக்கணும். வண்டி குலுங்குனா அவியளுக்கு இடுப்பு நோவும். அந்த மாதிரி ஒண்ணு தாருங்கோ.” கடைக்காரர் முதல்முறையாக அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் எதையும் கேட்கவில்லை.

இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஒன்று கடினமான ரப்பர், நெடுநாள் உழைக்கும். மற்றது கொஞ்சம் மெத்தென்றது. சீக்கிரம் தேயும், ஆனால் நீரை நான்கு அகலமான வாய்க்கால் வழியே வெளியே தள்ளி, ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். எதை எடுக்கலாம் என்று கடைக்காரர் கேட்டதும் மைனி அண்ணனின் நாற்காலியை இரண்டுக்கும் நடுவே தள்ளிக்கொண்டு போனார். “இஞ்ச பாருங்கோ. இது கூடுதல் நாள் ஓடும். இது மழைக்குக் கொள்ளாம், ஆனா சட்டுன்னு தேயும். எது வேணும்?”

கடைக்காரர் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். அண்ணனுக்குப் பதிலாக எதையாவது சொல்லி அந்தச் சங்கடத்தை முடித்துவிட நான் வாயைத் திறந்தேன். மைனி திரும்பாமலே என் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார். காத்திருந்தோம். அண்ணன் இடது கையை நீட்டி முதல் டயரை நகத்தால் அமுக்கினார். பிறகு இரண்டாவதை அமுக்கினார். வாய்க்கால்களுக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். மறுபடியும் முதலாவதுக்குப் போனார். கடைசியில் மெத்தென்றதை இரண்டு முறை தட்டினார். “அதாக்கும்.”

“நாலு போடுங்கோ அண்ணாச்சி, ஸ்டெப்னிக்கும் சேத்து அஞ்சு” என்றார் மைனி.

ஐந்தையும் அடுக்கி மாட்டப் போகும்போது அண்ணன் கையை ஆட்டினார். மைனிக்குப் புரிந்தது. ஒவ்வொன்றையும் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். முதல் டயரை அண்ணன் பக்கவாட்டில் தடவி, உருட்டச் சொல்லிச் சைகை காட்டி, விட்டுவிட்டார். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே போயின. நான்காவதில் அவர் கை நின்றது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “அதாக்கும்” என்றார். கடைக்காரர், “சாருக்குப் பிடிச்சுப் போச்சு” என்று சிரித்தார். அண்ணனின் குரல் உயர்ந்தது. “அதாக்கும்! அதாக்கும்!” எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “போதும், விடுங்க அண்ணே” என்று அவர் விரல்களை விலக்கப் போனேன். மைனி அதற்குள் குனிந்துவிட்டார். அண்ணனின் ஆள்காட்டி விரல் ஒரு சின்ன முட்டை வட்டத்தின் மேல் இருந்தது. மற்றவை எல்லாம் அந்த வருடத்தில் பிறந்தவை. அது மட்டும் மூன்று வயது மூத்தது.

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அய்யோ, குடோன்ல பழசு கலந்து போச்சு அக்கா. நான் பாக்கல்ல” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அண்ணனிடம் குனிந்து, “மன்னிச்சுக்கிடுங்க சார், வேற தாரேன்” என்றார். அன்றைக்கு அவர் அண்ணனைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது. வேறொன்று வந்தது. அண்ணன் தடவிப் பார்த்து விட்டார். ஐந்தாவதையும் பார்த்துவிட்டுத்தான் மாட்டவே சம்மதித்தார்.

வண்டி மேலே ஏறி நின்று சக்கரங்கள் மாறிக்கொண்டிருந்தபோது நான் ஒரு ஓரமாக நின்றேன். ஸ்டோரில் இருபது வருடம் பாலைவன வெயிலில் டயர்களை எண்ணி வாங்கி எண்ணி அனுப்பியவர். ரப்பரின் வயது அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? அப்படியென்றால் அன்றைக்கு ஷெட்டில் அந்த நான்கு எண்களை மைனி காட்டியபோது அவர் கைப்பிடியை அடித்துக் கத்தியது எதற்கு? அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அதுதான், அதேதான் என்று சொல்லியிருக்கிறார். உள்ளபடி அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதையே சொல்லியிருக்கிறார். எடுப்புக்காகத் தான் மாட்டிய டயர் தன் பெண்டாட்டியை மரத்தில் கொண்டுபோய் மோத இருந்ததை அவரும் கண்டுபிடித்து, அதைச் சொல்ல முடிந்த ஒரே விதத்தில் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் கொடுத்த பதில், அண்ணனுக்கு இப்ப என்ன தெரியப்போவுது.

பக்கத்தில் போய் நாற்காலியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். “அண்ணே, அன்னைக்கு ஷெட்டுல நீங்க மாத்தணும்னுதான் சொன்னியளா?” என்று கேட்டேன். அவர் இடது கையை என் தலையில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டால் தள்ளுவாரே, அதே தள்ளு.

அந்த டயர்கள் சொன்னபடியே சீக்கிரம் தேய்ந்தன. போன வருடம் மறுபடியும் மாற்றினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இருவரும் போய் முடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அண்ணன் இப்போது கோலூன்றி முற்றம் வரை நடக்கிறார். பயிற்சியில் ஏழெட்டுச் சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன. தண்ணி, போலாம், வேண்டாம், மைனியின் பெயர். அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வாரம் ஒருமுறை போகிறேன். கேட்க வேண்டியதை அவரிடமே கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். சில கேள்விகளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆகிவிடும்.

போன மாதம் எனக்கு ஒரு பழைய கார் வாங்கலாம் என்று தோன்றியது. அஞ்சுகிராமத்தில் ஒருவர் வைத்திருந்தார். பளபளப்பாக இருந்தது. ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். நேராகக் கருங்கலுக்குத்தான் விட்டேன். அண்ணன் கோலோடு ஒரு சுற்று சுற்றிவந்தார், கதவைத் திறந்து மூக்கை நீட்டி முகர்ந்தார், “வேண்டாம்” என்றார். ஏன் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் சொல் இல்லை. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் கோலைக் கதவில் சாய்த்துவிட்டு, சீட்டில் மெல்ல இறங்கி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை இடது கையால் இழுக்க ஆரம்பித்தார். சாதாரணமாக நாம் இழுக்கிற அளவோடு நிற்கவில்லை. கை வலிக்க வலிக்க, நிறுத்தி நிறுத்தி, கடைசி வரைக்கும் உருவினார். உள்ளே யாரும் துடைக்காத கடைசி ஒரு முழத்தில், காய்ந்த சேற்றின் நிறத்தில் ஒரு கறை கோடு போட்டது போல நின்றது. அந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்திருக்கிறது.

மைனி டீயோடு வெளியே வந்தார். “என்ன மக்கா, வாங்குதியா?” என்றார்.

“அண்ணன் வேண்டாம்னு சொல்லிட்டாவ, மைனி” என்றேன்.