காபி வருவதற்குள் வர வேண்டிய பக்கம்

முரளி இறந்த செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. பழைய அலுவலக நண்பர்கள் அனுப்பிய மின்னஞ்சலில் எழுத்தே இல்லை. தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு இன்னமும் டெலிபோன் கம்பி வழியாகத்தான் இணையம் வருகிறது. படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் ஒரு சுவர், பிறகு சாமந்தி மாலையின் வளைவு. யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அடுத்து வந்தது நெற்றி. கண்ணாடிச் சட்டத்தின் மேல் சந்தனம் வைத்திருந்தார்கள்.

"யாருடி அது?" என்றாள் அம்மா.

முகம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. முரளி அதைப் பார்த்திருந்தால் அனுப்பியவனை ஒரு பிடி பிடித்திருப்பார். "ஒரு வரி சேதி. அதுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய படம்?" என்று கேட்டிருப்பார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள்.

அவரைப் பற்றி எழுதித் தரும்படி உங்களில் சிலர் கேட்டீர்கள். நம் பழைய அலுவலகக் குழுவின் இணையப் பக்கத்தில் போட வேண்டும் என்றீர்கள். அவருடன் ஒரே மேஜையில் அதிக நாள் உட்கார்ந்தவள் நான்தான் என்பதும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்த முரளியை எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்தது இதுதானா என்று சொல்ல முடியாது.

நான் வாசகம் எழுதுபவள், அவர் பக்கத்தைக் கட்டுபவர். தொண்ணூறுகளின் கடைசியில் தில்லியில் எல்லாருக்கும் இணையப் பக்கம் வேண்டியிருந்தது. அது எதற்கு என்று பலருக்குத் தெரியவில்லை. மின்னுகிற எழுத்து, சுற்றுகிற உருண்டை, பாட்டு என்று கேட்பார்கள். முரளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பாதியைக் கட்டாமல் விட்டுவிடுவார். "வர்றவன் நம்ம வாசல்ல நிக்கறதுக்கு பஸ் ஸ்டாப் இல்ல கல்யாணி. கதவு உடனே திறக்கலைன்னா அடுத்த வீட்டுக்குப் போயிடுவான்" என்பார். தேடுபொறியும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. அது படத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் படிக்கிறது. எழுத்து சீக்கிரம் கைக்கு வந்தால் நம் பெயரை முன்னால் வைக்கும். நான் எழுதும் பத்தியை அவர் பாதியாக்குவார், அவர் போடும் கோடுகளையும் நிழல்களையும் நான் அழிக்கச் சொல்வேன். இப்படியே சண்டை போட்டுத்தான் நாங்கள் வேலை செய்தோம்.

காபிச் சோதனையை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், சிலர் பார்த்திருப்பீர்கள். அலுவலகத்தின் வேகமான இணைப்பில் எந்தப் பக்கமும் பறக்கும், அதை நம்பக் கூடாது என்பார். ஒரு பக்கத்தை முடித்ததும் ஆர்.கே.புரத்தில் அவர் அப்பாவுக்குக் கிடைத்திருந்த அரசாங்கக் குடியிருப்புக்குப் போவோம். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், இரைகிற மோடம். சமையலறையில் அவர் மனைவி சுதா டிகாஷனும் சூடான பாலுமாகத் தயாராக நிற்பாள். முரளி "சலோ!" என்று கத்திக்கொண்டே பக்கத்தைத் திறப்பார். சுதா கலந்து, ஆற்றி, டம்ளரைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பதற்குள் பக்கம் முழுதாக வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த நாள் இன்னும் குறைக்க வேண்டும்.

"அச்சா, இன்னிக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்" என்பாள் சுதா. "உங்க கம்பெனியில எனக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்கோ. உங்களைவிட ஜல்தியா வரேன்."

"நீ ஆத்தாமலே கொண்டு வர. அது போங்கு ஆட்டம்."

"உங்க பக்கம் ஆடி அசைஞ்சு வரது. என் காபியைச் சொல்றேளே!"

கரோல் பாகில் ஒரு சிறிய லாட்ஜ், கீழே மெஸ். நடத்துபவர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். எல்லாருக்கும் அண்ணாச்சி. தில்லிக்கு வைத்தியத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள்தான் அவருடைய வாடிக்கை. ஊரில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் யாரையாவது தேடச் சொல்லி, கிடைத்த நம்பரை எழுதிக்கொண்டு ரயில் ஏறுவார்கள். அண்ணாச்சியின் பக்கத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். மெஸ் சமையலறையில் ஆவி பறக்கும் இட்லிக் கொப்பரையை நான் ஒரு படம் எடுத்திருந்தேன். நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த ஒரே படம். அதை எடுத்துவிடச் சொன்னார் முரளி. "படம் அழகு. ஆனா கனம்." வருத்தத்தோடு எடுத்தேன். பக்கம் காபிக்கு முன்னால் வந்தது. சில மாதங்களில், தில்லியில் தமிழ்ச் சாப்பாட்டோடு தங்குமிடம் என்று தேடினால் முதலில் அண்ணாச்சியின் பெயர் வந்தது. "இந்த இடத்துலயே இருக்கும் அண்ணாச்சி, நான் பாத்துக்கறேன்" என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

பிறகு நம் முதலாளிக்கு ஓடும் முகப்புகள் மேல் ஆசை வந்தது. பக்கம் திறந்ததும் ஒரு சின்ன சினிமா ஓடும், அது முடிந்த பிறகுதான் உள்ளே போகலாம். தில்லியில் பெரிய கம்பெனிகள் எல்லாம் அப்படிச் செய்கின்றன, நம்மிடமும் காட்டுவதற்கு ஒன்று வேண்டும், அண்ணாச்சியின் பக்கத்தில் ஆரம்பிப்போம் என்றார். அன்று மாலை முரளியிடம் பொருமினேன். அவர் நிதானமாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"மீட்டிங்ல நீ பேசு கல்யாணி. நீ சொன்னா எடுபடும். நான் பின்னாடி இருக்கேன்."

நான் பேசினேன். என் இந்தி அவ்வளவு சரளமில்லை என்பதால் முதல் நாளே வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தேன். சின்ன ஊர்களில் இணைப்பு எப்படி இருக்கும், அந்தச் சினிமாவுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி ஏன் படிக்காது, அண்ணாச்சியின் பெயர் எப்படிக் கீழே போகும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சிரித்துக்கொண்டு, "முதலில் பாருங்கள்" என்று திரையைப் போட்டார்.

இருட்டிலிருந்து ஒரு குத்துவிளக்கு எழுந்தது. மணி அடித்தது. விளக்கு விலகியதும், என் இட்லிக் கொப்பரை வந்தது. ஆவி அசைந்தது. அந்தப் படம் என்னிடமும் முரளியிடமும் மட்டும்தான் இருந்தது.

முதலாளி அவர் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்டார். "படியா ஹை, சார்" என்றார் முரளி. பிரமாதமாக இருக்கிறது என்று. பின்னால் இருப்பேன் என்றவர் எதிரே உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஓடும் முகப்புகளுக்கென்று புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு அவர் தலைவரானார். அதற்கு நீங்கள் எல்லாரும் லட்டு சாப்பிட்டீர்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

நான் சொன்னதெல்லாம் நடந்தது. கொஞ்ச நாளில் அண்ணாச்சியின் போன் வந்தது. "ஏம்மா, நம்ம கடைப் பேரு எங்கம்மா போச்சு? ஊர்ல இருந்து மருமவன் போன் பண்ணுதான். ‘கருப்பா ஒண்ணு வருது மாமா, அப்படியே நிக்கி, லாட்ஜையே காணும்’ங்கான். நீதானம்மா பாத்துக்கிடுதேன்னு சொன்ன?" அதை அப்படியே முரளியிடம் போய்ச் சொன்னேன். "கம்பெனி போற பக்கம்தான் நாமும் போகணும் கல்யாணி. இதெல்லாம் பர்சனலா எடுத்துக்காதே" என்றார். எனக்கு அது சொந்த விஷயமாகத்தான் இருந்தது. ஏன் என்னைப் பேசவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். "யாராவது பேசியிருக்கணும் இல்லியா?" என்றார். நான் வேலையை விட்டது அதனால்தான். சம்பளம் போதவில்லை என்று உங்களிடம் சொன்னேன்.

அதன் பிறகு ஒரே ஒரு தடவை அவரைப் பார்த்தேன். மலை மந்திர் முருகன் கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். குழந்தையின் பள்ளி அட்மிஷன், டிராஃபிக் என்று நிறையப் பேசினார். கடைசியில், "இன்னும் காபி டெஸ்ட் பண்றியா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் விட்டுட்டேன்" என்று சிரித்தார். அடுத்து ஏதோ சொல்லப் போகிறார் என்று நின்றேன். செருப்பைத் தேடப் போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் ஆர்.கே.புரம் வீட்டுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். முதலாளியும் வந்து, எடை குறைந்த பக்கத்தின் அருமையை முரளிதான் நம் எல்லாருக்கும் காட்டினார் என்று உருகிப் பேசினார். நீங்கள் தலையாட்டினீர்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். சுதா ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தக் காபிப் பந்தயத்தைப் பற்றித்தான் பேசினாள்.

"எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து போட்டுப் பாப்பார், உனக்குத்தான் தெரியுமே. அந்த லாட்ஜுக்குப் புதுசா ஒண்ணு பண்ணினாரே, அதை மட்டும் பாக்கவே இல்லை. காபி கலக்கட்டுமான்னு கேட்டேன். ‘வேண்டாம் சுதா, அது வரதுக்குள்ள ஆறிடும்’னார்."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷமாக நான் அவருக்காக ஒரு சமாதானத்தை வைத்திருந்தேன்: புதிய பொருள், மயங்கிவிட்டார், அண்ணாச்சியின் பெயர் கீழே போகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்த ஃபில்டரின் பக்கத்தில் அதுவும் போயிற்று. என்னைப் பேசச் சொன்ன அன்று அவருக்கு எல்லாம் தெரியும். நான் பேசியது சரி என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அண்ணாச்சியின் பக்கத்தை, கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும் நான் வீட்டிலிருந்தே மறுபடி செய்துகொடுத்தேன். வெறும் எழுத்து, ஒரு போன் நம்பர், வழி. பெயர் முதல் இடத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனால் மருமகனுக்குத் திறக்கிறது. அம்மாவைக் காபி கலக்கச் சொல்லித்தான் சோதித்தேன். எதற்கு என்று அவளுக்குச் சொல்லவில்லை.

முரளியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தச் சோதனை ஒன்றுதான். அது அவர் கண்டுபிடித்தது, சரியானது. அவர் விட்டுவிட்டார் என்பதற்காக நான் விட வேண்டியதில்லை. கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன், அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.

இந்தக் கட்டுரையோடு போட மாலை போட்ட படத்தை அனுப்பியிருக்கிறீர்கள். அதைப் போட வேண்டாம். இதைப் படிக்கிறவர்களில் மெதுவான இணைப்பு உள்ளவர்களும் இருப்பார்கள்.