ஆர்கான் சிலிண்டரோடு தாம்பரத்துக்கு

1991 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குத் துகள் பார்க்கப் போனேன். அறிவியல் ஆர்வத்தால் போனேன் என்று எழுதினால் பொய். மைதிலி கூப்பிட்டாள், மறுக்க முடியவில்லை. எம்.எஸ்ஸி.யில் இருவரும் ஒரே பெஞ்ச். ஐரோப்பாவில் துகள்களை மோதவிட்டு ஆராயும் கூடத்துக்குச் சேர்ந்தே விண்ணப்பித்தோம். அவளுக்குக் கிடைத்தது. நான் குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை ஆனேன்.

விடுமுறைக்குச் சிட்லபாக்கம் வந்திருந்தவள், மாணவர்களுக்குக் காட்ட ஒரு சின்னக் கருவி கொண்டுவந்திருந்தாள். செருப்புப் பெட்டி அளவு சட்டம், அதில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். வாயு நிரப்பி மின்னழுத்தம் கொடுத்தால், துகள் கடக்கும்போது பக்கத்துக் கம்பியில் துளி மின்சாரம் எழும். எந்தக் கம்பி என்று பார்த்தால் துகள் போன தடம் தெரியும். அந்தத் துளியைப் பெரிதாக்க உள்ளங்கை அகல சர்க்யூட் போர்டு. அவளே வடிவமைத்தது, மூலையில் அவள் இனிஷியல். எனக்கு வயிறு எரிந்தது. அழகாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

வாயுவுக்குப் பல்லாவரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி வைத்திருந்தாள். சிறிய சிலிண்டர்தான். அங்கிருந்து ஆட்டோ, ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர், பேரம் பேசி இருபத்தைந்து ரூபாய். வெள்ளிக்கிழமை அங்கே சந்தை நாளாதலால் கூட்டத்தைத் தாண்டவே அரை மணி ஆயிற்று.

"இன்னாக்கா இது, வெடிக்குமா?" என்றார் டிரைவர்.

"வெடிக்காதுண்ணா. ஆர்கான்தான், தீப்பிடிக்காத வாயு," என்றாள் சிலிண்டரை மடியில் வைத்திருந்த மைதிலி.

"அப்ப இன்னாத்துக்குக் கொயந்த மாரி மடில வெச்சினு கீறீங்க?"

மைதிலி சிரித்துக்கொண்டே தன் வேலையை விளக்கினாள். அவர் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு என்னிடம் நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். டீச்சர் என்றேன். தலையாட்டிவிட்டு ஹாரன் அடித்தார்.

ஆய்வகத்தில் கருவி மக்கர் செய்தது. ஒவ்வொரு மின்சார ரயில் போகும்போதும், மின் துடிப்பைக் கோடாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப் திரை முழுக்கப் புல் முளைத்ததுபோல் இரைச்சல். மாணவர்கள் கிசுகிசுத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது.

மைதிலி தரையில் உட்கார்ந்தாள். கேன்டீனிலிருந்து காலி பிஸ்கட் டின் வாங்கிவரச் சொல்லி, வெட்டி, ரயிலின் மின் இரைச்சல் எட்டாதபடி போர்டை அதற்குள் மூடினாள். எர்த் வயரை டின்னோடு அழுத்திப் பிடிக்கும் வேலை எனக்கு.

"கையை எடுத்துடாதடி."

அடுத்த ரயில் வந்து போனது. திரையில் கோடு அசையவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கோட்டில் சட்டென ஒரு பள்ளம் விழுந்து மறைந்ததை நான்தான் பார்த்தேன். மியூவான் என்னும் துகள். வானத்திலிருந்து வந்து, கூரையையும் கம்பிகளையும் கடந்து தரைக்குள் போய்விட்டது. "வந்துடுச்சு" என்றேன். மாணவர்கள் அவளுக்குக் கைதட்டினார்கள்.

தாம்பரம் பிளாட்பாரத்தில் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எனக்கு உன்மேல பொறாமையா இருக்கு, மைதிலி."

"தெரியும்டி. இத்தனை லெட்டர் போட்ட, ஒண்ணுலகூட என் வேலையைப் பத்திக் கேக்கல." பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் காட்டினாள். "இப்பக் கேளு."

கேட்டேன். மூன்று ரயில்களை ஏறாமல் விட்டோம்.

இப்படி ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் கல்லூரி இயற்பியல் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நேரம் பிடிக்கும். திரை முன் பேசாமல் நில்லுங்கள். எனக்குப் பொறாமை இன்றுவரை போகவில்லை. அவளுடைய விமானப் பயணங்கள்மீது அல்ல, நாள் முழுக்க அந்தத் திரை முன் உட்கார அவளுக்குக் கிடைத்த நாற்காலிமீது.