ஓடுற பை

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. "ரெண்டு தண்ணிக்கு நடுவில பொறந்தவனுக்குத் துவாய் காயாது கா" என்பாள் மீன் விற்க வரும் அக்கா. ஆரையம்பதியைப் பற்றி இதைவிடச் சரியாக எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சுனாமி வந்தபோது எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. அப்பாவைக் கொண்டுபோயிற்று. நான் ஏ.எல். பரீட்சைக்குப் படித்த உயிரியல் கொப்பிகளையும் கொண்டுபோயிற்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதக்கூடாதுதான். அந்த வயதில் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வலித்தன.

பிறகு அம்மா கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் கந்தோருக்கு, நடந்தாள். நான் பிறந்ததற்கு ஒரு தாள், அப்பா இறந்ததற்கு ஒரு தாள். "பெத்தவள் முன்னுக்கு நிக்கிறன், புள்ள பக்கத்தில நிக்கிறான். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணுமாம்?" என்று வரிசையில் நின்றவர்களிடம் கேட்பாள். அவர்களும் அதே தாளுக்குத்தான் நின்றார்கள்.

வாவிக்கரையில் மாமியின் காணியில் ஒரு கொட்டில் போட்டுக் குடியேறியதும் அம்மா செய்த முதல் வேலை, நிவாரணத்தில் கிடைத்த ஒரு தோள்பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டது. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று தொங்கியது. ஓடுற பை என்று பெயர். காணி உறுதி, சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் அதற்குள். கடல் எழும்பினால் சோற்றுப் பானையைக்கூடப் பார்க்காமல் அதை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

ஆனால் எங்களுக்குக் கடலைவிடப் பழைய பயம் ஒன்று இருந்தது. ஆமி ஊரை வளைத்து வீடு வீடாகத் தேடும் சுற்றிவளைப்பு. அதற்கு வழக்கம் நேர் எதிர். பற்றரி, வயர், பச்சைச் சட்டை, பழைய படம், எது சந்தேகத்தைக் கிளப்புமோ அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எரி, மண்ணில் தாட்டுவிடு, தண்ணீரில் போடு. "கடலுக்குப் பொதி, ஆமிக்கு வெறுங்கை" என்பாள் அதே மீன்கார அக்கா. கேட்டு நான் சிரித்தேன். இரண்டும் ஒரே ஆணியில் வந்து முட்டும் என்று அப்போது தெரியவில்லை.

எனக்கு ஒரு விசர் இருந்தது. உடைந்த கமராவிலிருந்து கழற்றிய வில்லை, ஒரு சாண் பி.வி.சி. குழாய், ரோச் லைற் பல்பு, கறுப்பு நாடாவால் இறுக்கிச் சுற்றிய நான்கு பற்றரிகள், இரண்டு வயர். இதுதான் என் நுணுக்குக்காட்டி. வாவித் தண்ணீரில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுப் பார்ப்பேன். நீர்த்தெள்ளின் இதயத் துடிப்பை எண்ணுவேன். கண்டதையெல்லாம் சீ.ஆர். கொப்பியில் கீறி, விஞ்ஞானப் பெயர் எழுதி, அம்புக்குறி போடுவேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத் தாள்களையும் சேர்த்துப் பாடமாக்குவேன்.

"வாறார் டொக்டர். நுளம்புக்குப் பிரசவம் பாத்துப்போட்டு வாறார்" என்பார்கள் ரியூசன் பெடியன்கள்.

"ஓம். தாயும் சேயும் நலம்" என்பேன்.

ஏ.எல். முதல் முறை எழுதினேன், புள்ளி மருத்துவத்துக்குக் காணாது. இரண்டாம் முறை, ஒரு நூலிழையில் தவறிற்று. மூன்றாவதுதான் கடைசி. அதற்கு மேல் சட்டமே எழுத விடாது. பரீட்சை அனுமதி அட்டை தபாலில் வந்த அன்றே பொலித்தீனில் சுற்றி ஓடுற பைக்குள் வைத்தேன். அடையாள அட்டை, சீ.ஆர். கொப்பி, கடைசியாக நுணுக்குக்காட்டி. கடல் என் சாமானை இரண்டாம் தரம் தின்னக் கூடாது என்ற வைராக்கியம். பொலித்தீனுக்கு மேல் பொலித்தீன், முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"இதை ஆரு மனே அவுக்கிறது?" என்றாள் அம்மா.

"தண்ணியாலயும் அவுக்க ஏலாது" என்றேன், பெருமையாக.

உயிரியல் பரீட்சைக்கு முதல் நாள், ஞாயிறு விடிய, கிணற்றடியில் தலையில் சவர்க்காரத்தோடு நின்றபோது ஒலிபெருக்கி கேட்டது. ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும், வீடுகள் சோதிக்கப்படும்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. அம்மா வாவிப் பக்கமிருந்து வந்தாள். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. அம்மிக் குழவியையும் காணவில்லை.

"குழாயை மட்டும் எடுப்பம் எண்டுதான் பாத்தன் மனே. முடிச்சு அவுழல்ல. பக்கத்து வளவுக்க வந்துட்டானுகள்."

மைதானத்தில் ஓர் அதிகாரி அடையாள அட்டைக்குக் கையை நீட்டினார். "ஐசி?"

"இல்ல சேர்."

"ஏன் இல்ல?"

கம்பி வேலிக்கு வெளியே நின்ற அம்மா எனக்கு முதல் கத்தினாள். "சுனாமியில போயிற்று ஐயா!"

அவர் சிரித்தார். "சுனாமி எப்ப? இன்னும் புது ஐசி எடுக்க இல்லயா?"

வாவியில் கிடக்கிறது என்று சொல்லியிருந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். அட்டையோடு குழாயும் வரும். குழாயில் பற்றரி, வயர், கறுப்பு நாடா. அது தண்ணீர்த் துளி பார்க்கிற சாமான் என்று அந்த மைதானத்தில் யார் நம்பியிருப்பார்? அம்மா என்னைப் பார்த்தாள். "ஓம் சேர், சுனாமியில போயிற்று" என்றேன் நானும்.

ஐசி இல்லை என்று பிடித்து வைத்து, செவ்வாய் பின்னேரம்தான் விட்டார்கள். அதுவரை கரையில் காவல் நின்றதால் அம்மாவால் பையைத் தொட முடியவில்லை. அவர்கள் போனதும் நானே முக்குளித்து எடுத்தேன். முடிச்சைக் கத்தியால் அறுத்தேன். என் கைவேலை அப்படி: அனுமதி அட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. உயிரியல், திங்கள், காலை என்று பளிச்சென்று அச்சடித்திருந்தது.

ஊர் வந்து ஆறுதல் சொன்னது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு கா." உண்மைதான். அந்தக் குழாய் அகப்பட்டிருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அதைப் பைக்குள் வைத்தது நான். முடிச்சுப் போட்டது நான். அம்மா என் உயிரைக் காப்பாற்றினாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயை மிதித்து உடைத்து, வில்லையை வாவிக்குள் எறிந்தேன்.

பிறகு ஒரு பாமசியில் வேலைக்குச் சேர்ந்தேன். துண்டுத் தாள் பாடமாக்கிய மண்டை அங்கே உதவியது. "டொக்டர் தம்பி, இது சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்று சனம் அன்பாகக் கேட்கும். அன்பாகக் கேட்பதுதான் தாங்க முடியாது.

சண்டை முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்திய நாளில் கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்தேன். அம்மா புதிய ஓடுற பையை ஆணியிலிருந்து இறக்கிப் பாயில் கொட்டியிருந்தாள். அவளுடைய கிளினிக் கொப்பி, உறுதி, அப்பாவின் மரணச் சான்றிதழ்.

"இனி இது தேவைப்படாது, என்ன மனே?"

"தெரியா."

தாள்களைப் புரட்டினாள். "உன்ர ஒண்டும் இதுக்குள்ள இல்லையே."

நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன்.

"பை வாவிக்க போன அண்டையில இருந்தே வைக்கல்லயா?"

"இல்ல."

அவள் அழவில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்தாள். இந்த முறை முடிச்சுப் போடவில்லை. "தொங்கட்டும். கடல் அங்கதானே கிடக்கு" என்று ஆணியில் மாட்டினாள்.

என் அடையாள அட்டை சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். அவளும் அதற்காகத்தான் கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள். நான் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.