இரவல் சேலை

அந்தப் பெண் கட்டியிருந்த மஞ்சள் சேலை அவளுடையதில்லை. மாடியறைக்குள் நுழைந்து நான் உட்காருவதற்குள்ளேயே அது தெரிந்துவிட்டது. சேலை ஒரு வீட்டிலிருந்தும் ரவிக்கை இன்னொரு வீட்டிலிருந்தும் வந்திருந்தன. தோளில் ரவிக்கை தொளதொளத்தது. முந்தானையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் கை அலைந்துகொண்டே இருந்தது. எனக்குச் சந்தேகம் வர இவ்வளவு போதும். ஐம்பதை நெருங்குகையில் எழுத்துகள் மங்குகின்றன. சந்தேகம் மட்டும் கண்ணாடி போடாமலே நன்றாகப் பார்க்கிறது.

ஆற்றோரப் பேட்டையான போபோடியில், மாவு மில்லுக்கு மேலே இருந்தது அந்த அறை. மில் ஓடும்போது தரை நடுங்கும். மாவுத்தூள் படிவழியே ஏறிவந்து எல்லோர் தலையிலும் மெல்ல நரை பூசும். மழைக்காலத்தில் ஆறு ஏறினால் கரையோரச் சந்துகளைக் காலி செய்து முனிசிபல் பள்ளியில் தங்கவைப்பார்கள். அங்கே பெண்களுக்கென்று ஒரு வகுப்பறையைப் பிடித்து, வாசலில் உட்கார்ந்து, யார் உள்ளே வரலாம் யார் வரக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தத் தமிழ்ப் பெண்கள். தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பங்களின் மகள்கள், மருமகள்கள். பேரிடர் நேரத்தில் பெண்களைப் பாதுகாப்பதில் இவர்களுடைய திறனை வளர்க்க ஒரு பெரிய நிறுவனம் பெண் பயிற்சியாளர் ஒருவரை அனுப்பியிருந்தது. பயிற்சி நல்லபடியாக முடிந்தால் பள்ளிக்குப் பின்னால் இவர்களுக்கென்று ஓர் அறை கிடைக்கும். உள்ளிருந்து தாழ்போடும் கதவு வைத்த அறை. பல மழைக்காலமாக இவர்கள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

பயிற்சியாளர் இந்தியில் சொல்வதைத் தமிழில் சொல்ல, நகரத்தின் இன்னொரு பகுதியான பாணேரிலிருந்து நான் போயிருந்தேன். ஆனால் இவர்களுக்கு என்னைவிட நல்ல இந்தி வந்தது. இந்தியில் சொன்ன வேடிக்கைக்கு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார்கள். பிறகு எதற்கு என்னைக் கூப்பிட்டார்கள்? மஞ்சள் சேலைக்காரி மட்டும் எதற்கும் சிரிக்கவில்லை. தெருவில் ரிக்‌ஷா ஹாரன் கேட்டால் மட்டும் நிமிர்ந்தாள். எண்ணிக்கைக்கு ஆள் காட்ட யாரையோ கூட்டிவந்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். அறைக்காக இப்படியொரு பொய்யா என்று மனசு கசந்தது.

மத்தியானம் டீ குடிக்கும்போது, குழுவை நடத்துகிற அக்காவைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"ஏனுங்கக்கா, ஆள் குறையுதுன்னு யாரையாச்சும் உக்கார வெச்சிருக்கீங்களா? அந்த மஞ்சச் சேலை யாருங்க?"

அக்கா டீயை ஊதினார். "மேடம் பாணேர்ல எந்த பில்டிங்?"

சொன்னேன்.

"வூட்டுக்காரரு என்ன வேலை? அவருக்கு ரிக்‌ஷாக்காரங்க யாராச்சும் பழக்கமா?"

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நீங்க கேட்டீங்க. நானும் கேக்குறேன்."

அவருடைய சந்தேகத்துக்குப் பக்கத்தில் என்னுடையது கத்துக்குட்டி. சொன்ன பதில்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ எங்க சந்து இல்ல. புருசன் ஊருக்கு அந்தக் கோடியில ஹடப்சர்ல ரிக்‌ஷா ஓட்றான். அடி தாங்காம இங்க வந்துட்டா. நேத்து தேடிக்கினு இங்கயே வந்து நின்னான். டீ குடுத்து அனுப்பிட்டோம்."

"அப்புறம் இத்தனை பேர் நடுவுலயா உக்கார வெப்பீங்க? ஒரு ரூம்ல வெச்சுப் பூட்டிக்கலாமில்லீங்க?"

"ரூம்னு ஒரு கோலியப் பூட்டினா அதத்தான் மேடம் மொதல்ல தட்டுவாங்க. கூட்டத்துல ஒருத்தியா குந்தினா யாரு பாப்பா? ஒரு வூட்டு சேலை, ஒரு வூட்டு ஜாக்கெட்டு. யார் வந்தாலும் எங்க வழக்கம் அதான்." சட்டென்று நின்றார். "ஆனா சாயங்காலம் போட்டோ இருக்காமே."

ஆமாம். எல்லோரும் இருக்கிற ஒரு படம் போனால்தான் ஆபீஸ் அறைக்குச் சம்மதிக்கும் என்று பயிற்சியாளர் காலையிலேயே சொல்லியிருந்தார். படம் வாட்ஸ்அப் குழுக்களில் ஏறும். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எந்த ரிக்‌ஷா ஸ்டாண்டில் போய் இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"அவங்ககிட்டயே சொல்லிடலாமுங்க. நல்லவங்களாத்தான் தெரியறாங்க."

"காலையில அவங்கதானே பாடம் எடுத்தாங்க? ஒளிஞ்சிருக்கிற பொண்ணப் பத்தி யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னு. அவங்ககிட்ட மட்டும் எப்படி விடறது?"

"என்கிட்ட சொல்லிட்டீங்களே."

"நீங்கதான் மோப்பம் புடிச்சிட்டீங்களே. இனி உங்கள உள்ளதான் வெச்சிக்கணும்." சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன். எங்களுக்கு இந்தி புரியும். நீங்க தமிழ்ல திருப்பிச் சொல்ற நேரத்துல நாங்க யோசிச்சிக்குவோம். அதுக்குத்தான் உங்களக் கேட்டு வாங்கினோம்."

சாயங்காலம் மில் நின்றது. பயிற்சியாளர் போனை எடுத்தார். எல்லோரும் நெருங்கி நில்லுங்கள், முகத்தை மறைக்காதீர்கள், ஒருவர்கூட விடுபடக் கூடாது என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். "புரியல மேடம். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

என் வாழ்நாளிலேயே நீளமான மொழிபெயர்ப்பைத் தொடங்கினேன். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, யார் குள்ளம், யார் உயரம், சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை நின்றால் எப்படி இருக்கும் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனேன். எதையும் பயிற்சியாளர் சொல்லவில்லை. நாலு வார்த்தைக்கு இவ்வளவு தமிழா என்று அவர் புருவம் உயர்ந்தது. அதற்குள் பெண்கள் இடம் மாறி, தோளோடு தோள் சேர்ந்து, ஒருத்தியை மட்டும் மெதுவாக வெளியே நகர்த்தியிருந்தார்கள்.

"மேடம், நீங்க இல்லாம என்ன போட்டோ?" அக்கா இந்தியில் தேன் ஒழுகச் சொல்லி, பயிற்சியாளரின் கையைப் பிடித்து நடுவில் இழுத்துக்கொண்டார். "இவ எடுப்பா. நல்லா எடுப்பா."

போன் மஞ்சள் சேலைக்காரியின் கைக்குப் போனது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் முகத்தைப் பார்த்திருந்த கேமராவின் சின்னக் கண்ணைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்புறம்தான் எங்களைப் பார்த்தாள். ஒரு முறை தட்டினாள்.

பயிற்சியாளர் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கித் தலைகளை எண்ணினார். "ஒருத்தர் குறைகிறாரே?"

"எடுத்தவ எப்படி மேடம் உள்ள இருப்பா?"

அவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளுடைய இன்னும் மடங்காத கட்டைவிரலைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தயாரானேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தார். சரிதான் என்பதுபோல் "டீக் ஹை" என்றார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அறை கிடைத்தது. அடுத்த மழைக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் புதுப் பெயிண்ட் வாசனை. உள்தாழ்ப்பாள் கனமாக இருந்தது. அக்கா டீ கொடுத்தார். அவள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு டீ கொடுத்து அனுப்பியிருப்பார்.

உள்ளே பெண்கள் பாய்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மஞ்சள் சேலையை நான் பார்த்திராத வேறொருத்தி கட்டியிருந்தாள். ரவிக்கை அவளுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தொடங்கிய என் கண்ணை, பாதியிலேயே டீக் கிளாசுக்குத் திருப்பிக்கொண்டேன்.