பதினொரு தேங்க்ஸ்

ஆவடி ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து சேக்காட்டில் இறங்கியபோது, ஓட்டுநரிடம் "தேங்க்ஸ்ப்பா" என்றேன். கிளம்பப் போனவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, நக்கலா? மீதி கரெக்டா தான குட்தேன்?" என்றார். மீதி சரியாகத்தான் இருக்கிறது, சும்மா சொன்னேன் என்றேன். "சும்மா எதுக்கு சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார். மெல்போர்னில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். மூன்று ஆண்டுகளில் என் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த ஊரில் அது எனக்கே தெரியாமல் வெளியே வருகிறது.

எனக்கு எழுபத்தொரு வயது. ராஜபாளையத்தில் பிறந்து, ஆவடி பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் உருப்படிகளை அளந்தும் எண்ணியும் ஓய்வு பெற்றவன். குவார்ட்டர்ஸில் இருபத்திரண்டு ஆண்டுகள் குடியிருந்தோம். பிறகு சேக்காட்டில் சொந்த வீடு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மகன் செந்தில் என்னையும் மனைவி சரோஜாவையும் மெல்போர்னுக்கு அழைத்துக்கொண்டான். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம். இந்த முறை சேக்காட்டுக்கு வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. முப்பத்தாறாம் நாள் காலையில் வழக்கம்போல் தொங்கு தராசில் பெட்டிகளை மாட்டிப் பார்த்தேன். என் பெட்டி இருபத்திரண்டு கிலோ எண்ணூறு கிராம். சரோஜாவின் பெட்டி ஆறு கிலோ நானூறு. தராசில் கோளாறோ என்று மறுபடியும் மாட்டிப் பார்த்தேன். அதே ஆறு நானூறு. திறந்து பார்த்தேன். பேரனுக்கான முறுக்கும், மருமகளுக்கு எடுத்த இரண்டு புடவைகளும், பொடி டப்பாக்களும் இருந்தன. சரோஜாவின் ஸ்வெட்டர் இல்லை. அவள் துணி ஒன்றுகூட இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்கிற பயம். அன்று மாலை அம்பத்தூரிலிருந்து மகள் கவிதாவும் மாப்பிள்ளை ரவியும் பேத்தியோடு காரில் வந்தார்கள். பூந்தமல்லி பக்கம் ஜப்பானிய உணவகம் ஒன்று வந்திருக்கிறது, தெப்பன்யாகி என்று பெயர், நம் கண்முன்னாலேயே சமைத்துத் தருவார்கள், நீங்கள் கிளம்புவதற்கு முன் ஒரு நல்ல சாப்பாடு என்றாள் கவிதா. "கிளம்புறதுக்கு முன்னாடி" என்று அவள் சொன்னபோது சரோஜா கொடியில் காயாத துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிலிருந்து வரும் பொறியாளர்களை நம்பி நடக்கிற இடம் அது. உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல் வாசல்களை எண்ணினேன். இரண்டு. ஒன்றின் குறுக்கே நாற்காலி போட்டிருந்தார்கள். ரவியிடம் சொன்னேன். "அத நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க உக்காருங்க" என்றார். மேசைக்குப் பதிலாக நீளமான இரும்புத் தகடு ஒன்று பதித்திருந்தது. இருபது மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதன் ஒரு பக்கம் வரிசையாக எட்டு ஸ்டூல்கள். ஒரு கோடியில் நான், அடுத்து ரவி, பேத்தி, கவிதா, மறு கோடியில் சரோஜா. வரிசையில் உட்கார்ந்துவிட்டால் மறு கோடியில் இருப்பவர் முகம் தெரியாது. எதிரே புகைபோக்கியின் பளபளப்பான எஃகில் சரோஜாவின் முகம் கோணலாகத் தெரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைத் தொப்பியோடு சமையல்காரர் வந்து குனிந்து வணங்கினார். முப்பது வயது இருக்கலாம். வெளிநாட்டில் மூன்று ஆண்டுகள் இருந்தவன் என்ற தைரியத்தில் நானும் குனிந்து, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில், "தேங்க் யூ. யூ... ஃப்ரம்... ஜப்பான்?" என்றேன்.

"பட்டாபிராம் சார்" என்றார் அவர். "அப்பா மணிப்பூர்லேர்ந்து வேலைக்கு வந்தாரு. நா இங்கியே பொறந்துட்டேன். ஊடு அங்க தான் கீது. தமிழ்லயே பேசு சார்."

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சரோஜாவின் சிரிப்பும் கேட்டது. எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. மெல்போர்னில் ஒவ்வொரு கடையிலும் என்னிடம் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். அதையே நானும் செய்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். "அய்ய, வுடு சார். ஜப்பான் சாருங்களே மொதல்ல அவங்க பாஷைல தான் பேசுவாங்க. அப்பால குனிஞ்சு குனிஞ்சு சாரி கேப்பாங்க" என்றார்.

தெப்பன் என்றால் இரும்புத் தகடு என்று ரவி பேத்திக்கு விளக்கினார். "அப்ப தோசைக்கல்லுதான்" என்றாள் சரோஜா. அவள் சொன்னது சரி. இரும்பைக் கல் என்று கூப்பிடுகிறவர்கள் நாம். எண்ணெய் விட்டதும் வந்த சீறல் அதே சீறல். இரண்டு கரண்டிகளும் தகட்டில் தட்டிய ஓசையைக் கேட்டு, "கொத்து பரோட்டா!" என்றாள் பேத்தி. சமையல்காரர் வெங்காய வளையங்களை அடுக்கிக் கோபுரம் கட்டி, அதன் உச்சியிலிருந்து தீயை எழுப்பிக் காட்டினார். பிறகு காளான், முட்டைகோஸ், இறால், முட்டை போட்ட சோறு என்று எல்லாம் கல்லிலிருந்து நேராக ஐந்து தட்டுக்கும் ஒரே சூட்டில் வந்தன.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எங்களுக்குத் திருமணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகள். சரோஜா கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன். குவார்ட்டர்ஸில் முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்குள் நான் கிளம்ப வேண்டும். பம்பு ஸ்டவ்வின் முன்னால் நின்று ஒவ்வொரு தோசையாகப் போடுவாள். நான்கு எனக்கு, செந்திலுக்கு மூன்று, கவிதாவுக்கு இரண்டு. எண்ணிச் சாப்பிட்டவன் நான். அவள் எத்தனை சாப்பிட்டாள், அது சூடாக இருந்ததா என்று எண்ணியதே இல்லை. மெல்போர்னிலும் அவள்தான் கல்லின் அருகே நிற்கிறாள். பூந்தமல்லியில் வேறொருவர் நின்று சமைக்க, அவள் உட்கார்ந்து, ஆவி பறக்கும் காளானை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

சமையல்காரர் தட்டில் எது வைத்தாலும் நான் தேங்க்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் கரண்டியை நிறுத்திவிட்டார். "இன்னா சார், பதினோரு தபா தேங்க்ஸ் சொல்லிட்ட. நானும் எண்ணிகினே கீறேன். நல்லா கீதா இல்லியா, அத்த சொல்லு."

"அப்படிக் கேளுப்பா. நல்லாருக்கு" என்றாள் சரோஜா. "அம்மா நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னாங்க, அது போதும்" என்று சமையல்காரர் என்னிடம் சொல்லிவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"மெல்போர்ன்" என்றேன் நான். "சேக்காடு" என்றாள் அவள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கல்லைச் சுரண்ட ஆரம்பித்தார். நான் முன்னால் சாய்ந்து, மூன்று பேரைத் தாண்டி, "சரோஜா, ஒன் பெட்டி ஆறு கிலோதான் இருக்கு" என்றேன்.

"அவ்வளவுதாங்க. அதையும் நீங்களே கொண்டு போயிருங்க. பிள்ளைக்கு முறுக்கு இருக்கு."

ரவியும் கவிதாவும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அங்கே என்ன குறை, செந்தில் ஏதாவது சொன்னானா, மருமகளா என்று கேட்டேன்.

"ஒரு குறையும் இல்ல. தங்கமான பிள்ளைக. தோச போட்டா பேரன் தேங்க்ஸ் பாட்டிங்கறான். தண்ணி குடுத்தா தேங்க்ஸ். துணி மடிச்சு வச்சா மருமக தேங்க்ஸ் அத்தைங்கறா. கவிதா ஒருநாளாச்சும் எனக்குத் தேங்க்ஸ் சொல்லிருக்காளா? தோசை முறுகலா இல்லன்னு தட்டத் தள்ளிவிட்டவ இவ."

"அம்மா!" என்றாள் கவிதா.

"தள்ளிவிட்டா எடுத்து மறுபடி போடலாம்டி. தேங்க்ஸ் சொன்னா என்ன செய்ய? யார் வீட்டுலயோ ஒத்தாசைக்குப் போயி நிக்கற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் எண்ணுறீங்களே, ஒரு நாளைக்கு எனக்கு எத்தனை தேங்க்ஸ் விழுதுன்னு எண்ணியிருக்கீங்களா?"

எண்ணவில்லை. அது நல்ல வளர்ப்பு, மரியாதை, அந்த ஊர்ப் பழக்கம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதெல்லாம் உண்மையும்கூட. ஆனால் ஆட்டோக்காரர் கேட்டதற்கே பதில் இல்லாதவன், இவளுக்கு என்ன சொல்ல? ரத்த அழுத்த மாத்திரையை யார் எடுத்துத் தருவார்கள், தனியாக எப்படி இருப்பாய், கேஸ் சிலிண்டரை யார் மாற்றுவார்கள் என்று என் கவலைகளை வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் கவிதா பதில் வைத்திருந்தாள். கடைசியில் சரோஜா, "உங்களுக்குப் பேரன பாக்காம முடியாது. போங்க. ஆறு மாசம் அங்க இருங்க, ஆறு மாசம் இங்க வந்து இருங்க. நாள் எண்ணத்தான் உங்களுக்குத் தெரியுமே" என்றாள். தன் தட்டிலிருந்த இறாலை எடுத்துக் கவிதாவிடம் கொடுக்க, அது கை மாறி கை மாறி என் தட்டுக்கு வந்து சேர்ந்தது. என் வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. இறாலை வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றேன். எஃகில் அவள் கோணல் முகம் சிரித்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் இருவரும் ஷேர் ஆட்டோவில் சந்தைக்குப் போய் வந்தோம். அதே ஓட்டுநர்தான். இறங்கும்போது சரோஜா அவரிடம், "வரேம்ப்பா" என்றாள். "சரிம்மா" என்றார் அவர். நக்கலா என்று கேட்கவில்லை.

நான் மெல்போர்ன் வந்து பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. காலையில் தோசை போடுவது இப்போது என் வேலை. கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். பேரன் ஒவ்வொரு தோசைக்கும் தேங்க்ஸ் தாத்தா என்கிறான். எண்ணத் தொடங்கியிருக்கிறேன். நேற்று பதினேழு. நேற்று மாலை நூலகத்திலிருந்து திரும்பும்போது, எங்கள் நிறுத்தத்தில் பேருந்தின் முன்வாசல் வழியாக இறங்கினேன். எனக்கு முன்னால் இறங்கிய மூவரும் நன்றி சொன்னார்கள். நானும் ஓட்டுநரைப் பார்த்து வாயைத் திறந்தேன். "வரேம்ப்பா" என்று வந்தது.

"நோ வொரீஸ், மேட்" என்றார் அவர், முன்னால் நன்றி சொன்ன மூவருக்கும் சொன்னதுபோலவே. கதவு மூடிக்கொண்டது.