தெருவைப் பார்த்த ஜன்னல்கள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றுதான் பெயர். மின்சார அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மீட்டரைக் குறித்தவர். குறித்துவிட்டுச் சும்மா திரும்பியதில்லை. "பகல்ல எதுக்கு லைட்டு?", "ஃப்ரிட்ஜை இத்தனை தடவை திறந்தா கரண்ட் என்னத்துக்கு ஆகும்?" என்று வீட்டுக்காரர்களுக்கு நாலு புத்தி சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். ஊருக்குத்தான் உபதேசம் என்ற பழமொழியை அவரைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், அவர் வீட்டு மேற்கு அறையை நீங்கள் பார்த்ததில்லை. அங்கேதான் அவர் மனைவி தையல் மெஷின் போட்டிருந்தாள். மத்தியானம் சாய்ந்தால் போதும், வெயில் வாடகை கொடுத்தவன் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மெல்லிசான ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். சட்டம் வளைந்து, இடுக்கு வழியாக அனல் வீசும். இரண்டு ஃபேன் சுற்றும்; இருக்கிற சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும். அந்த அறையில் வெந்துதான் அவள் மகளைப் படிக்கவைத்தாள், கட்டியும் கொடுத்தாள். "இந்த ஒரு ஜன்னலை மட்டும் மாத்திக் குடுங்க" என்று கேட்கத் தொடங்கியது எப்போது என்று அவளுக்கே மறந்துபோய்விட்டது.

ஓய்வுப் பணம் வந்ததும் மீட்டர்காரர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். இரட்டைக் கண்ணாடி என்றால் என்ன, நடுவில் அடைக்கிற வாயு என்ன செய்யும், வெயிலைத் திருப்பி அனுப்புகிற பூச்சு எது என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தார். குடித்ததைச் சலூனில் போய்க் கொட்டினார். கத்திக்குக் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவர்களால் எழுந்து ஓடவும் முடியவில்லை, பாவம்.

ஒரு நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஜன்னல் கடைக்குப் போனார்.

"வீட்ல வெயில் எந்தப் பக்கம் சார் அடிக்கும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

மனைவி வாயைத் திறப்பதற்குள் மீட்டர்காரர் முந்திக்கொண்டார். "அதை விடுங்க. வீட்டு முன்பக்கம் வடக்கு. அங்க நாலு ஜன்னல் இருக்கு. நாலையும் மாத்திடுங்க."

"வடக்குல வெயிலே வராதே சார்?"

"வெயில் வராது. தெருவுல ஆளுங்க வருவாங்கல்ல?"

கடைக்காரர் வியாபாரம் தெரிந்தவர். "சரியாச் சொன்னீங்க சார்" என்று அளவெடுக்க ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள். "அந்த மேற்கு ஜன்னலு?"

"அந்தப் பக்கம் காலி மனைதானே கிடக்கு? யாருக்காகப் போடறது, சொல்லு பார்ப்போம்?"

எனக்காக என்றுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரிடம் அதை வேறு சொல்ல வேண்டுமா என்று நடையை எட்டிப் போட்டாள்.

நாலு ஜன்னலும் வந்து முன்பக்க ஹாலில் பொருந்தின. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஐந்து நட்சத்திர ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது என்று மீட்டர்காரர் உத்தரவு போட்டார். வந்தவர் போனவர் எல்லோரையும் கூட்டிப்போய், "தொட்டுப் பாருங்க" என்பார். தொட்டவர்கள், "ஜில்லுன்னு இருக்கே!" என்பார்கள். அந்த ஹால் கட்டின நாளிலிருந்தே ஜில்லென்றுதான் இருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கரண்ட் பில் மட்டும் இம்மியும் குறையவில்லை. மீட்டர் ஓடுவது சரியில்லை என்று மீட்டர்காரர் தன் பழைய ஆபீசையே திட்டினார்.

கோடை முற்றியது. நெடுநாள் வாடிக்கைக்காரி ஒருத்தி, தைத்து வாங்கிப்போன வெள்ளைப் பட்டுச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கை மடிப்பில், தைத்தவளின் வியர்வை சொட்டிய கறை. "கோவிச்சுக்காதீங்கக்கா. இனிமே வேற எடத்துல குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனைவி அழவில்லை. போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

மீட்டர்காரர் சலூனிலிருந்து திரும்பியபோது தையல் மெஷின் ஹாலில், புது ஜன்னலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய சாய்வு நாற்காலியும் டிவியும் மேற்கு அறைக்குக் குடிபோயிருந்தன.

"இது என்ன கூத்து? வர்றவங்க எங்க உக்காருவாங்க?"

மச்சினன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "அவங்க உக்கார வரலையே அத்தான். கண்ணாடியைத் தொடத்தானே வர்றாங்க? நின்னுக்கிட்டே தொடட்டும்."

மீட்டர்காரர் முறைத்துக்கொண்டு மேற்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெயில் சாய்ந்தது. முதலில் சட்டையைக் கழற்றினார். பிறகு பனியனையும் கழற்றினார். நாற்காலியை மூலைக்கு மூலை இழுத்தார். வெயிலும் கூடவே வந்தது. கடைசியில் தொப்பலாக நனைந்து ஹாலுக்கு ஓடிவந்தார்.

"அந்த ரூம்ல மனுஷன் உக்கார முடியுமா? நாளைக்கே கடைக்காரனுக்குப் போன் போடறேன். முதல் வேலையா அந்த ஜன்னலை மாத்தணும்!"

அவள் வருஷக்கணக்காகக் கேட்டு நடக்காதது, அவர் உட்கார்ந்த ஒரே மத்தியானத்தில் முடிவாகிவிட்டது. அவள் மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாத்திக்குங்க," என்றாள். "உங்க ரூமுதானே."