தோணிக்காரர் அறுத்த வலை

போன வருடம் ஆவணி மாதம், லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த தங்கை என்னை மட்டக்களப்பு வாவிக்குக் கூட்டிப்போனாள். பலகையில் நின்றபடி துடுப்புப் போட அங்கே பழக்குகிறார்கள். எனக்கு வயது ஐம்பத்தொன்று. நாலு பேர் பார்த்தால் சாப்பிடவே கூச்சப்படுகிற ஆள். "ஐயோ அண்ணா, உங்களை ஆர் பார்க்கப்போறாங்க?" என்று சிரித்து ஏற்றிவிட்டாள்.

பழக்கிய தம்பி, பலகையோடு சேர்ந்த கயிற்றை என் கணுக்காலில் கட்டினார். "காத்து வந்தா நிக்காதீங்க, முழங்கால்ல இரிங்க. வலையைக் கண்டா தூரத்தால சுத்திப் போங்க" என்றார்.

அரை மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டேன்! கரையில் தங்கை கைதட்டிப் படம் எடுத்தாள். அப்போதுதான் கச்சான் காற்று என்னைப் பழகும் வழியை விட்டுத் தள்ளத் தொடங்கியது. முன்னால் ஒருவர் வலையை வளைத்து விட்டு, தோணியில் இருந்தபடி கம்பால் தண்ணீரை அடித்து மீனை வலைக்குள் விரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணன், அங்கால திருப்புங்க! வலை கிடக்கு!" என்று கத்தினார்.

முழங்காலில் இருந்திருந்தால் திருப்பியிருக்கலாம். தங்கை படம் எடுக்கும்போது மண்டியிட வெட்கமாக இருந்தது.

விழுந்தேன். கால் கயிறு வலையில் சிக்கியது. உதற உதற வலை சுற்றிக்கொண்டது. தலை தண்ணீருக்குள் போனது. தோணிக்காரர் குதித்து வந்து, தன் வலையையே கத்தியால் அறுத்து என்னைப் பலகையில் ஏற்றினார். சேர்ந்திருந்த மீனெல்லாம் அந்த ஓட்டையால் போய்விட்டது. "மீன் நாளைக்கும் வரும். நீங்க மூச்சை நல்லா எடுங்க" என்றார்.

அதற்குள் பழக்கும் தம்பி வந்து சேர்ந்தார். "நாங்க போற வழியிலயா இவர் வலை விட்டவர்?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றால், நான் மண்டியிடாமல் நின்றதைச் சொல்ல வேண்டி வரும். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

"ஆள் செத்திருந்தா ஆர் பதில் சொல்ற? இனி இந்தப் பக்கம் வலை விடாதீங்க!" என்று தம்பி அவரை ஏசினார். தோணிக்காரர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அவர் கிழிந்த வலையை இழுத்துத் தோணியில் போட்டார்.

ஒரு மாதம் கழித்து மீன் சந்தையில் அவரைக் கண்டேன். "அண்ணன், கால் சுகமா?" என்று அவரே கேட்டார். "ஓம்" என்றேன். "இப்ப அங்கால கரையிலதான் வலை விடுறன். மீன் குறைவு" என்று தராசைப் பார்த்தபடி சொன்னார். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள். பேசாமல் வந்துவிட்டேன்.

கூச்சத்தால் எனக்கு மட்டும்தான் நட்டம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். என் உயிரைக் காப்பாற்றிய மனிதர் நான் தலையாட்டியதால் வேறு கரைக்குப் போக வேண்டி வந்ததை நினைத்தால் இன்றும் மனம் குறுகிப்போகிறது.